கடைசி இலக்கம்

அவள் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். இருபத்திரண்டு வருடமாக அதே ஸ்டூல், எதிரே எழுபது குழிகள் கொண்ட அதே மர அலமாரி. உறையில் யார் பெயர் இருக்கிறது என்று அவள் கவனித்ததே கிடையாது. ஆள் மாறுவான், கடை கைமாறும், வீட்டுக்குப் புதுப் பெயர் வைப்பார்கள். கதவு எண்தான் நம்பகமானது என்று அடித்துப் பேசுவாள். பேச ஆரம்பித்தால் மேலதிகாரியும் தப்ப முடியாது. அலுவலகத்தில் அவளுக்கு 'விடாக்கண்டி' என்று பட்டப்பெயர். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

கணவர் லாரி ஓட்டுநர். பெயின்ட் தொழிற்சாலையில் மிஞ்சும் நச்சுக் கழிவைப் பீப்பாய்களில் ஏற்றிப்போய், அதை எரிக்க அனுமதி பெற்ற ஆலையில் இறக்குவது அவர் வேலை. மூன்று வாரத்துக்கு முன் அப்படி இறக்கிய நாற்பத்திரண்டு பீப்பாய்களும் வரவேயில்லை என்று ஆலைக்காரர்கள் சாதித்துவிட்டார்கள். அதே வாரம் வாய்க்காலில் மீன்கள் செத்து மிதந்தன. போதாதா? ஊற்றியது இவர்தான் என்று பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டார்கள்.

அவரிடம் ரசீது இருந்தது. ஆனால் அதில் குத்தியிருந்தது ஆலையின் பழைய பெயர் உள்ள முத்திரை. புது முத்திரையை மேலாளர் தன் மேசையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். கேட் காவலாளி கைக்குக் கிடைத்த பழையதை எடுத்துக் குத்திவிட்டார். "அப்படி ஒரு கம்பெனியே இல்லையே, இது போலி ரசீது" என்று மேலாளர் கைகழுவிவிட்டார். போக்குவரத்து அலுவலகமும் தலையாட்டி, ஓட்டுநர் உரிமத்தை முடக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் நிரூபிக்காவிட்டால் உரிமம் ஒரேயடியாகப் போய்விடும்.

"நம்ம பொண்ணு அந்த வாய்க்காலைத் தாண்டித்தானே பள்ளிக்கூடம் போறா? அதுல போய் நான் ஊத்துவேனா?" என்றார் அவர், நூறாவது தடவையாக.

"புலம்பாதீங்க. அந்த ரசீதை இப்படிக் குடுங்க." வாங்கிப் பார்த்தவள் மூலையில் அச்சிட்டிருந்த எண்ணில் விரல் வைத்தாள். "இது என்ன நம்பரு?"

"நச்சுக் கழிவு வாங்குற ஒவ்வொரு ஆலைக்கும் அரசாங்கம் குடுக்கிற நம்பர்."

"கம்பெனிக்கா, இடத்துக்கா?"

"இடத்துக்குத்தான். ஏன் கேக்கிற?"

அவள் அதற்குள் எழுந்துவிட்டாள். விடுப்புக் கடிதம் எழுதத் தாள் தேடினாள்.

சுற்றுச்சூழல் அலுவலகத்தின் ஆவண அறை, போக்குவரத்து அலுவலகத்திலிருந்து இரண்டே தெரு தள்ளி இருந்தது. அந்த இரண்டு தெருவைக் கடக்கத்தான் மூன்று வாரமாக ஒரு அதிகாரிக்கும் கால் வரவில்லை.

"கம்பெனி பேரைச் சொல்லுங்கம்மா" என்றார் கணினி முன்னால் இருந்த குமாஸ்தா.

"பேர் வேண்டாம் சார். நம்பரைப் போடுங்க."

பதினோரு இலக்கங்கள் தெளிவாக இருந்தன. பன்னிரண்டாவதன் மேல் முத்திரை மை அப்பியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

"பூஜ்யத்துலேர்ந்து வரிசையாப் போடுங்க சார்."

பூஜ்யத்துக்கு எதுவும் வரவில்லை. ஒன்றுக்கு ஒரு பேட்டரிப் பட்டறை வந்தது. இரண்டுக்கு ஒன்றுமில்லை. மூன்றுக்கு எப்போதோ மூடிய சாயக்கூடம்.

"ஏம்மா, இது என்ன லாட்டரியா?"

"இன்னும் ஆறுதானே சார் இருக்கு? போடுங்க."

நாலு, ஐந்தைத் தாண்டி ஆறைப் போட்டதும் ஆலையின் புதுப் பெயர் வந்தது. அடியில் 'முந்தைய பெயர்' என்ற கட்டத்தில் முத்திரையில் இருந்த அதே பெயர். ரசீது உண்மையென்று ஆகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். இவள் விடாக்கண்டி ஆயிற்றே.

"இந்த எண்ணுல சோதனை போட்ட விவரம் இருக்கா சார்? அதையும் திறங்க."

இருந்தது. பீப்பாய்கள் இறங்கிய மறுநாளே ஓர் ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஆலைக்குப் போயிருக்கிறார். அனுமதித்த அளவுக்கு மேல் நாற்பத்திரண்டு நீலப் பீப்பாய்கள் பின்கொட்டகையில் இருந்ததாகவும், அவை முந்தின நாள்தான் லாரியில் வந்தன என்று கொட்டகைப் பொறுப்பாளர் சொன்னதாகவும் எழுதி, ஒவ்வொரு பீப்பாயின் எண்ணையும் குறித்திருந்தார். அளவு மீறிய குட்டோடு மீன்கள் செத்த பழியும் தன் மேல் விழக்கூடாது என்றுதான் ஆலை பீப்பாய்களையே மறுத்திருக்கிறது. அவள் ரசீதை எடுத்து, அதில் எழுதியிருந்த பீப்பாய் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். பாதியில் குமாஸ்தாவே எழுந்து நின்று வாசிக்கத் தொடங்கினார். நாற்பத்திரண்டும் பொருந்தியதும், "ஒரு பிரதிக்கு மூணு பிரதியா எடுத்துக்கோங்கம்மா" என்றார். அவளுக்கு அங்கேயே கைதட்ட வேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை அதிகாரி அந்த அறிக்கையைப் படித்தபோது மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஏதோ பூசிமெழுகப் பார்த்தார். "உங்க கொட்டகையையும் பின்பக்கச் சாக்கடையையும் நாளைக்கே வந்து பாக்கிறோம்" என்று அதிகாரி வாயை அடைத்தார். பிறகு ஓட்டுநர் பக்கம் திரும்பி, "உங்க மேல தப்பு இல்லை. உரிமத்தை வாங்கிக்கலாம்" என்றார்.

ஓட்டுநர் உரிமத்துக்குக் கை நீட்டவில்லை. வெளியே வராந்தாவில் மற்ற லாரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். மூன்று வாரமாக அவரோடு ஒரு டீ குடிக்கக்கூட வராதவர்கள்.

"சார், அந்த அறிக்கையை இன்னொரு தடவை படிங்க. கொஞ்சம் சத்தமா."

அதிகாரி அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்து வாசலருகே போய், நாற்பத்திரண்டு எண்களையும் உரக்கப் படித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓட்டுநரின் தலை அசைந்தது. அவள் கண்ணைத் துடைக்கக்கூட மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி எண்ணும் முடிந்தது.

"ஆமா சார்," என்றார் அவர், வராந்தாவைப் பார்த்து. "நான்தான் இறக்கினேன்."