வேனில் மூன்று இருக்கைகள்

மட்டாஞ்சேரியில் எங்கள் பாலியேட்டிவ் சங்கத்து வேனில் டிரைவருக்கும் நர்ஸுக்கும் போக மூன்று இருக்கைகள் மிச்சம் இருக்கும். எட்டு வருடம், செவ்வாய்க்கிழமைதோறும், அதில் ஒன்றில் நான் உட்கார்ந்தேன். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண்ணைக் கழுவி, உடம்பு துடைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு வருவது வேலை. முப்பது வருடம் அரசாங்கக் கோப்புகளை மட்டுமே புரட்டியவன், ஆரம்பத்தில் ஒரு புண்ணைக் கட்ட அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து இருக்கை பூக்காரம்மாவுடையது. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து கோயில் வாசலில் பூ விற்பவர். செவ்வாய்க்கிழமை காலையில் கடையை எடுத்துவைத்துவிட்டு வருவார். சுள்ளிக்கல்லில் பக்கவாதம் வந்து கிடந்த துறைமுகத் தொழிலாளி ஒருவர், வேறு யார் கரண்டியை நீட்டினாலும் வாயை இறுக மூடிக்கொள்வார். பூக்காரம்மாவுக்கு மட்டும் திறப்பார். அதனால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் எப்போதும் அதே ஆள் போவதை நாங்கள் வழக்கமாக வைத்திருந்தோம்.

பிறகு புதிய செயலாளர் வந்தார். டூரிஸ்டுகளுக்கு ஏலக்காயும் கிராம்பும் விற்கும் கடைக்காரர். எங்களைப் போலவே தமிழ்க் குடும்பம், பேச்சில் மட்டும் மலையாளம் கலந்திருக்கும். சங்கத்துக்கு இளரத்தம் வேண்டுமென்று கல்லூரி கல்லூரியாகப் போய் ஆள் பிடித்தார். வந்தவர்களுக்குப் பச்சை டீ-ஷர்ட்டும் வேனின் மூன்று இருக்கைகளும் கொடுத்தார். அவர்கள் கட்டிலருகே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வேறு மூவர் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். செயலாளர் வேன் புறப்படும்போது கொடியசைப்பார். ஒரு நாளும் அதில் ஏறியதில்லை.

என்னை இறக்கிவிட்டது பொன்னாடை போர்த்தி.

"சாரே, நிங்க இனி கமிட்டியில அட்வைசர். எழுபது வயசு ஆயில்லே? வேன்ல குலுங்கிக்கிட்டு எதுக்குப் போகணும்? வீட்ல ஒரு சாயா குடிச்சிட்டு இருந்தாப் போதுமல்லே?"

"இதுக்குக் கமிட்டித் தீர்மானம் உண்டா?"

"அதெல்லாம் எதுக்கு சாரே. ஸ்நேகம் அல்லே."

பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தபோதே பழிவாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். சங்கத்தின் நலனுக்காகச் செய்தேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். அவர் அவமானப்பட வேண்டும், என் இருக்கை எனக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். இரண்டில் ஒன்றுதான் கிடைக்குமென்றால் முதலாவதையே கேட்டிருப்பேன்.

சங்கத்தின் பைலாவை எழுதியவன் நான். அதன் பதினொன்றாம் விதி: கமிட்டியில் இருப்பவர் தொடர்ந்து மூன்று மாதம் வீடுகளுக்குப் போகவில்லையென்றால் அவர் பதவி போய்விடும். திரும்பி வர வேண்டுமானால், புதுத் தன்னார்வலராக விண்ணப்பித்து, விடாமல் போய்வரும் பழைய தன்னார்வலர் ஒருவரிடம் மூன்று மாதம் வேலை பழக வேண்டும். அந்தப் பைலாவைப் படித்து ஒப்புக்கொண்டதாகச் செயலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்து மட்டும் உண்மை.

பொதுக்குழு கூட நான்கு மாதம் இருந்தது. சாயா குடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு நாள் பூ வாங்கப் போனேன்.

"என்ன அண்ணாச்சி, ஆளையே காணோம்? கோவமாக்கும்."

"உன்னையும்தான் வேன்ல ஏத்துறதில்லையே."

"வேன் இல்லன்னா பஸ் இருக்குல்லா? அந்தப் பெரியவரு வாயத் தொறக்கணும்லா. நர்ஸம்மா நோட்டுல கையெழுத்தும் வாங்கிக்கிடுதாங்க."

பூவை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன். எனக்குத் தேவைப்பட்ட ஒரே ஆவணம் கிடைத்துவிட்டது: நர்ஸின் நோட்டு.

பொதுக்குழுவில் பதினொன்றாம் விதியை வாசித்தேன். தலைமை வகித்த டாக்டர் நர்ஸின் வருகைப் பதிவேட்டை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். செயலாளரின் கையெழுத்து ஓரிடத்திலும் இல்லை. செயலாளர் அசரவில்லை.

"அப்போ சாரும் நாலு மாசமா போயில்லல்லோ. சாரும் அவுட் அல்லே?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமாம், அவுட்தான்" என்று சொல்லிச் சட்டைப் பையிலிருந்து இரண்டு விண்ணப்பப் படிவங்களை எடுத்தேன். "ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு உங்களுக்கு. உங்க பேரு, விலாசம் எல்லாம் நானே எழுதிட்டேன். கையெழுத்து மட்டும் போடுங்க. அது உங்களுக்குப் பழக்கம்தானே."

பச்சை டீ-ஷர்ட்டுகள் போனை உயர்த்தின. படம் எடுக்கிறார்கள் என்றால் அவருக்கு முகம் தானாக மலர்ந்துவிடும். சிரித்தபடியே கையெழுத்திட்டார். பழக்கிவிட யார் இருக்கிறார்கள் என்று டாக்டர் பதிவேட்டில் தேடினார். பழைய ஆட்களில் விடாமல் போனவர் ஒருவர்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பூக்காரம்மா நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். சுள்ளிக்கல் வீட்டில், பதவி போன செயலாளரிடம் புண் கழுவும் பேசினைக் கொடுத்தார்.

"மொதலாளி, மூக்கப் பொத்தாதீங்க. அவருக்குப் பேச்சுதான் வராது. கண்ணு நல்லாத் தெரியும்."

மூன்று மாதம் முடிந்ததும் அறிக்கை தர வேண்டும். பூக்காரம்மா சொல்ல, நான் எழுதினேன்.

"அண்ணாச்சி தேறிட்டாருன்னு போடுங்க."

"அவரு?"

"கை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இன்னும் அவசரப்படுதாரு. ஒரு மூணு மாசம் கூட்டிப் போடுங்க."

விதியில் அதற்கு இடமிருக்கிறது. நான்தான் வைத்தேன். இப்போது மூன்றாவது நீட்டிப்பு நடக்கிறது. அவர் சேர்த்த இளரத்தத்தில் இவ்வளவு நாள் நிலைத்தவர் ஒருவரும் இல்லை.

போன மாதத்திலிருந்து அந்தப் பெரியவர் செயலாளரின் கரண்டிக்கும் வாயைத் திறக்கிறார். பூக்காரம்மா அதையும் எழுதச் சொன்னார். நான் இன்னும் எழுதவில்லை.