ரோசாப்பூவுக்கு இன்ஜினியரிங் கிடைத்த கதை

மருதமுனைப் பிரதான வீதியில் விளையாட்டுக் கழகம் கட்டியிருந்த பெனரைப் பார்த்ததும் அப்னாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போகும் நாலு பேருக்கு வாழ்த்தாம். மூன்று பையன்கள் டை கட்டிக்கொண்டு பல் தெரியச் சிரித்தார்கள். நாலாவது வட்டத்துக்குள் ஒரு ரோசாப்பூ. பூவுக்குக் கீழே, ‘ஜனாப் மீராசாவின் புதல்வி’.

பேர்கூட இல்லை! பரீட்சை எழுதியது யார், பூவா?

இரண்டு வருஷம் கல்முனைக்கு டியூஷன் போகப் பஸ்ஸில் நசுங்கியவள் அவள். வாப்பாவின் ஹாட்வெயார் கடையில் சீமெந்து மூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து பௌதிகம் படித்தவள். அடுத்த வீட்டில் பீம் போட வந்த மேசனிடம், ‘இந்தக் கம்பி பீமுக்குக் காணாது’ என்று சண்டை பிடித்து, கட்டியதை அவிழ்த்துக் கட்ட வைத்தவள். அந்த வீட்டுக்காரி ஜெனூபா ராத்தாவாவது நியாயம் கதைப்பாள் என்று பார்த்தால், அவள் சொன்னாள்:

“பூ நல்ல வடிவா இரிக்கி புள்ள. உன்னய விட வடிவு.”

அப்னா நேரே கழகத் தலைவர் மிஹ்லாரிடம் போனாள்.

“மிஹ்லார் நானா, என்ட படம் எங்க?”

“பொம்புளப் புள்ளட படத்த ரோட்டுல தொங்கப் போடலாமா தங்கச்சி? உங்கட மரியாதைக்குத்தானே செஞ்ச.”

“சரி, படம் வேணாம். என்ட பேருக்கு என்ன வந்த? அதையும் ஆராச்சும் பார்த்திருவாங்களா?”

“வாப்பாட பேரப் போட்டா ஊருக்கே விளங்கும்தானே.”

“சோதனை மண்டபத்துல வாப்பாட அடையாள அட்டையையா பார்த்து உள்ளுக்கு விட்டாங்க?”

மிஹ்லாருக்கு அவசரமாக ஒரு போன் கோல் வந்துவிட்டது. வராத கோல்தான், அவளுக்குத் தெரியாதா என்ன!

வாப்பாவிடம் முறையிட்டால் அவர், “ஊருக்க இரிக்கிற நாம, உடு மகள்” என்றார். எப்படி விடுவது? பிறந்து வளர்ந்த ஊர், ஒரு தரம், ஒரேயொரு தரம் தன் பேரைச் சொல்ல வேண்டும் என்றுதானே கேட்டாள். கழகத்தின் பாராட்டு விழாவிலாவது சொல்வார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு போனாள்.

பெண்களுக்குத் திரைக்கு இந்தப் பக்கம் கதிரை. பையன்கள் மூவரும் பேர் பேராக ஏறிக் கேடயம் வாங்கினார்கள். பிறகு ஒலிபெருக்கி சொன்னது:

“அடுத்ததாக, ஜனாப் மீராசாவின் புதல்வி சார்பாக, ஜனாப் மீராசா அவர்கள்!”

வாப்பா வெள்ளைச் சட்டையைச் சரிசெய்துகொண்டு ஏறினார். பிரதம அதிதி ஆசையாக மைக்கை நீட்டி, “மகள் என்ன துறைக்குத் தெரிவாகியிருக்கா?” என்று கேட்டார்.

வாப்பா விழித்தார். “அது வந்து சேர்… டொக்டருக்குத்தான்.”

மண்டபமே கை தட்டியது. திரைக்குப் பின்னால் ஜெனூபா ராத்தாவும் தட்டினாள். அப்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யா அல்லாஹ்! வாப்பா, டொக்டர் இல்ல! சிவில் இன்ஜினியரிங்!”

கைதட்டல் அப்படியே நின்றது. திரையை ஒதுக்கிக்கொண்டு விறுவிறென்று மேடைக்கு ஏறினாள். வாப்பா கோபிப்பார் என்று பார்த்தால், மைக்கிலேயே சொல்லிவிட்டார்:

“இந்தா, அவவே வந்திட்டா. அவட கையில குடுங்க சேர். அவ படிச்சதப் பத்தி நான் என்னத்தக் கண்டன்.”

பிரதம அதிதி எழுந்து நின்று கேடயத்தை அவள் கையில் கொடுத்தார். அப்னா வாங்கிப் பார்த்தாள். பளபளவென்று எழுத்து வெட்டியிருந்தார்கள்: ‘ஜனாப் மீராசாவின் புதல்விக்கு’.

அவள் மைக்கின் பக்கம் திரும்பினாள்.

“என்ட பேர் அப்னா. இதுல அது இல்ல. பேர வெட்டித்துக் கொண்டு வாங்க, மறுகா வந்து எடுக்கன்.”

கேடயத்தை மிஹ்லாரின் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.