சவுக்குத் தோப்பில் ஏறுகிறவர்

எங்கள் சித்தப்பாவின் ஜீப்பைப் பட்டாளத்து வண்டி என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். சண்டை முடிந்ததும் மிச்சமிருந்த வண்டிகளை மதராஸில் ஏலம் போட்டார்கள். பர்மா எல்லையில் ஓடி ஓய்ந்து வந்த ஒன்றைச் சித்தப்பா எடுத்துக்கொண்டு கடலூர் வந்து சேர்ந்தார். பின்பக்கத்தை அறுத்து நீட்டினார். எதிரும் புதிருமாக இரண்டு மரப்பலகைகள் போட்டார். மேலே தார்ப்பாய் கட்டி, பின்னால் யாரும் விழாதபடி ஒரு சங்கிலியும் மாட்டினார். பட்டாளம் போய், பாதி பஸ்ஸாக நின்றது வண்டி.

சவுக்குத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து மரம் வெட்டி விற்பது அவர் தொழில். மாட்டுவண்டி புதைந்துபோகும் மணலில்கூட அந்த ஜீப் உறுமிக்கொண்டு ஏறிவிடும். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிப்புகையில் ஓடிய பஸ்ஸை ஓட்டியவர் சித்தப்பா. அதனால் உலகத்தில் எந்த எஞ்சினுக்கும் தாமே வைத்தியர் என்ற நினைப்பு அவருக்கு. பானெட்டின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, நாடி பார்ப்பதுபோல் நிற்பார். பார்க்கிற எங்களுக்குச் சிரிப்பு வரும், சிரித்தால் அடி விழும்.

வெகுதூரம் அந்த வண்டி போவது மாதத்தில் ஒரு நாள்தான். திருவாதிரை நட்சத்திரத்தன்று அத்தையைச் சிதம்பரத்துக்கு அழைத்துப்போவார், அப்பா அம்மாவோடு நானும் கூடப் போவேன். அத்தை அவருக்கு அக்கா, அப்பாவுக்குத் தங்கை. அத்தையின் புருஷன், எனக்கு மாமா, ரங்கூனுக்கு வேலைக்குப் போனவர். அங்கே குண்டு விழுந்தது, காடு மலை ஏறி நடந்தே எத்தனையோ பேர் ஊர் திரும்பினார்கள். மாமா திரும்பவில்லை. இருக்கிறார் என்றும் தகவல் இல்லை, இல்லை என்றும் தகவல் இல்லை. அத்தை நெற்றியில் குங்குமத்தோடு எங்கள் வீட்டில் இருந்துகொண்டு, மாதாமாதம் நடராஜர் சன்னதியில் நின்று கேட்டுவிட்டு வருவார். தரிசனம் முடிந்ததும் சிதம்பரத்திலேயே இருந்த அத்தையின் மாமியாரையும் பார்த்துவிட்டு வருவோம்.

ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரம் நெருங்கும்போது சாலையின் இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. நடுப்பகலில்கூட உள்ளே வெளிச்சம் கிடையாது. காற்று அசையாதபோதும் ஓர் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அது கடலா மரமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த இடத்தில்தான் வண்டிக்குப் பலம் போகும். அதுவரை நன்றாக ஓடிவந்த ஜீப், யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் தயங்கும். சித்தப்பா ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் சோர்ந்து, நடக்கிற ஆளின் வேகத்துக்கு வந்து, ஒரு குலுக்கலோடு நின்றுவிடும். எஞ்சின் சத்தம் அடங்கியதும் அந்த இரைச்சல் எங்களைச் சுற்றி எழும். கொஞ்சநேரம் கழித்துக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் சிதம்பரம்வரை பறக்கும். திரும்பி வரும்போது அதே தோப்பு, அதே தயக்கம், அதே நிற்றல்.

சித்தப்பா பிளக்கைக் கழற்றித் துடைத்தார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். பிரேக் இறுகிப் பிடிக்கிறதோ என்று சக்கரம் சக்கரமாகத் தொட்டுப் பார்த்தார். கடலூரில் ஒரு குறையும் அகப்படவில்லை. மணலில் ஓட்டினால் குதிரைதான். திருவாதிரையன்று தோப்புக்குள் நுழைந்தால் மட்டும் மறுபடி மூச்சு வாங்கும். வைத்தியருக்கு முகம் செத்துப்போயிற்று.

நான் அத்தைக்குப் பக்கத்தில் உட்காருவேன். அத்தைக்கு அந்தப் பக்கம், சங்கிலியை ஒட்டி, பலகையில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருக்கும். வண்டி தயங்க ஆரம்பித்ததும் அத்தை என் பக்கமாக நகர்ந்து, "தள்ளி உக்காருடி" என்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. ஒருமுறை வண்டி நின்றிருந்தபோது, அத்தைக்குப் பின்னால் கைநீட்டி அந்தக் காலி இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். பலகை வெதுவெதுவென்று இருந்தது. பயத்தில் எனக்கு அன்று கோயில் பொங்கல்கூட இறங்கவில்லை.

வண்டி தோப்பில் நிற்கிற விஷயத்தை அம்மா வாய்தவறி அத்தையின் மாமியாரிடம் சொல்லிவிட்டார். கிழவி அசையாமல் கேட்டார். பிறகு அழ ஆரம்பித்தார்.

"எம்புள்ளதான். பர்மாவுல ஓடுன வண்டி, பொண்டாட்டி ஒக்காந்திருக்கா, வழியில ஏறிக்கிறான். ஏறும்போதுதான் கனம், ஏறி ஒக்காந்துட்டா ஏது கனம்? என்னைப் பாத்துட்டு அங்கியே எறங்கிப் போறான். காரியம் பண்ணலைன்னு அலையறான்."

அடுத்த அமாவாசைக்கு நாள் குறித்தார்கள். உடம்பு கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோல் தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பது, அன்றே அத்தையின் குங்குமத்தை அழிப்பது என்று பேச்சு. அப்பாவும் தலையாட்டிவிட்டார். அத்தை மட்டும், "எரியறது அவருதான்னு எப்படித் தெரியும்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சித்தப்பா கொதித்துப்போனார். "அக்கா நெத்தியில யாரும் கை வைக்கிறதுக்கு முன்னால, நான் வண்டியில கை வைக்கிறேன்" என்றார்.

அமாவாசைக்கு முன்னால் வந்த திருவாதிரையன்று ஒரு தகர டின்னில் பெட்ரோல் ஊற்றி, அப்பாவின் மடியில் வைத்தார். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, டின்னிலிருந்து ஒரு ரப்பர் டியூபை எஞ்சினுக்குக் கொடுத்தார். அப்பா வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டு, வேட்டியில் பெட்ரோல் சிந்தாமல் குழந்தையை அணைப்பதுபோல் டின்னை அணைத்துக்கொண்டு வந்தார். தோப்பு வந்தது. அத்தை என் பக்கம் நகர்ந்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வண்டி தயங்கவே இல்லை.

தோப்பின் நடுவில் சித்தப்பா தாமாகவே நிறுத்தினார். டிரைவர் ஸீட்டைத் தூக்கினால் அதன் அடியில்தான் டேங்க் மூடி. கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினார். வெகுநேரம் கழித்து, சொட்டச் சொட்ட ஒரு துணி வந்தது. காக்கிச் சட்டையின் பை. கையால் கிழித்தெடுத்ததுபோல் ஓரமெல்லாம் நூல் தொங்கியது, பித்தளைப் பித்தான் ஒன்று அப்படியே இருந்தது. யாருடைய சட்டை, யார் கிழித்தது, எதற்காக டேங்குக்குள் வந்தது என்று யாருக்குத் தெரியும்? அம்மா அதைப் பார்க்கமாட்டேன் என்று திரும்பிக்கொண்டார்.

சித்தப்பாவுக்கு மட்டும் வாயெல்லாம் பல். "ஓட ஓட இந்தத் துணி கொஞ்சங் கொஞ்சமா நவுந்துவந்து குழாய் வாயை அடைச்சுக்குது. பெட்ரோல் வரலை, வண்டி இழுக்கலை. நின்னா துணி கீழ வுழுந்துடுது, மறுபடி ஓடுது. கடலூர்லேருந்து வந்தாலும் சிதம்பரத்துலேருந்து வந்தாலும் இந்தத் தோப்பு பாதி வழி. அதான் ரெண்டு தபாவும் இங்கியே நிக்குது. மத்த நாளு நான் இவ்ளோ தூரம் ஓட்டறதில்ல. பேயுமில்ல, பிசாசுமில்ல. மச்சான் உசுரோடதான் இருக்காரு அக்கா!"

மாமியார் வீட்டில் சித்தப்பா அந்தத் துணியைக் காட்டிப் பெரிய சண்டை போட்டார். காரியம் நின்றது. அத்தையின் குங்குமம் தப்பியது. எங்கள் எல்லோருக்கும் அன்று சந்தோஷம். அத்தை அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று அம்மா சொன்னார், நானும் நம்பினேன்.

அதற்கு அடுத்த மாதம் வண்டி தோப்புக்குள் அம்புபோல் பாய்ந்தது. அந்த இடம் வந்ததும் அத்தை பழக்கத்தில் என் பக்கம் நகர்ந்தார். பலகையில் ஓர் ஆள் இடம் காலியாகக் கிடந்து, மரங்கள் பின்னால் ஓடின. "இவ்ளோ வேகம் வேணாம்டா தம்பி" என்றார். எஞ்சின் சத்தத்தில் அது சித்தப்பாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. தோப்பு மறையும்வரை அத்தை பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுமாதத் திருவாதிரைக்கு முதல்நாள் பகல் சாப்பாடு முடிந்து வீடு உறங்கிக்கொண்டிருந்தது. கொட்டகையில் நின்ற ஜீப்பின் பின்பலகையில் நான் படுத்திருந்தேன். காலடி கேட்டுத் தலையைத் தூக்கினேன். அத்தை டிரைவர் ஸீட்டைத் தூக்கி மூடியைத் திறந்துகொண்டிருந்தார். கையில் ஒரு வெள்ளைத் துணி. அவருடைய டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் மாமாவின் சட்டையிலிருந்து கிழித்த பை அது. பித்தானை ஒருமுறை விரலால் தடவிவிட்டு, உள்ளே போட்டு மூடினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். பதறவில்லை.

"ஒங்க மாமாவுக்கு எடம் தெரியணுமில்ல" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது.

மறுநாள் தோப்பில் வண்டி தயங்கியது. உள்ளே இருப்பது துணிதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று பயந்த மாதிரி நான் என்றும் பயந்ததில்லை. வண்டி சோர்ந்து, குலுங்கி, நின்றது. இரைச்சல் எழுந்தது. அத்தை என் பக்கம் நகர்ந்து, காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"தம்பி, அந்த டேங்கைத் தெறந்து பாரேன்" என்றார் அம்மா.

சித்தப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். திரும்பி அத்தையைப் பார்த்தார். "டேங்க்ல ஒண்ணுமில்ல அண்ணி" என்றார்.

பிறகு இறங்கிப் பின்பக்கம் வந்தார். சங்கிலியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, சாலையோரமாக ஒதுங்கி நின்றார், ஓர் ஆள் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். மறுபடி சங்கிலியை மாட்டினார்.

"போலாமா அக்கா?"

அத்தை தலையசைத்தார். அன்று சாயங்காலம் மாமியாரிடம் அவரே, "காரியத்துக்கு நாள் பாருங்க" என்று சொன்னார். குங்குமத்தை அழித்த நாளில் அவர் அழவில்லை. அதற்குப் பிறகும் திருவாதிரைப் பயணம் நிற்கவில்லை, வண்டியை விற்கும்வரை சித்தப்பா மாதாமாதம் அந்தத் தோப்பில் இறங்கிச் சங்கிலியைக் கழற்றி மாட்டினார்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை. டேங்கில் கிடப்பது என்னவென்று உலகத்திலேயே எனக்கும் அத்தைக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை அவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும்போதும், கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். இவ்வளவு பெரிய வைத்தியர், துணி அடைத்திருப்பதுகூடத் தெரியாமல் நிற்கிறாரே என்று.