வேனில் வந்த மெடல்

செல்லத்தாய் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் மல்லாங்கிணற்றில் ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். போனில் நூர்ஜகான். "சாந்தி, அக்கா போயிட்டாகடி" என்றாள். "எங்க போயிட்டாக?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியின் மடத்தனம் அவள் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. காலையில் கடையைத் திறந்து தையல் மெஷினில் உட்கார்ந்தவர், தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டாராம். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

பஸ் மாறி பாளையம்பட்டியில் இறங்கினால், எதிரிலேயே கண்ணீர் அஞ்சலி ப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. அதில் அக்கா கழுத்தில் மெடலோடு நின்றார். கீழே பெரிய எழுத்தில் 'கொழும்பு மாரத்தானை வென்ற வீரத்தாய்' என்று போட்டிருந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது வெட்கம். நட்ட நடு ரோட்டில் யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்ததுபோல் கூசிப்போனேன். "நான் போய்ச் சேந்தா அந்தப் படத்த மட்டும் போட விட்றாதத்தா" என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். ஒரு முறை அல்ல, பல முறை.

பாளையம்பட்டிக்காரர்களான உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் தைத்த யூனிபார்மில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். அவருடைய அம்மா பருத்தி எடுக்கக் கூலிக்குப் போனவர். கணவர் சீக்கிரமே இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. தம்பி மகன் முருகேசனைத்தான் தன் பிள்ளையாக வளர்த்தார். அந்த முருகேசன் இன்று அருப்புக்கோட்டையில் ப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். அத்தை மேல் அவனுக்கு உயிர். வந்த வினையெல்லாம் அந்தப் பாசத்தால்தான் வந்தது.

அக்கா, நூல் வியாபாரி வீட்டு நூர்ஜகான், நான் மூவரும் சர்க்கரைக்குப் பயந்து திருச்சுழி ரோட்டில் நடக்கத் தொடங்கியவர்கள். திடீரென்று ஒருநாள் அக்கா ஓட ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டதற்கு, "நடந்தா வீட்டு நெனப்பு வருது. ஓடுனா மூச்சு நெனப்புதான் வருது" என்றார். எங்களுக்கும் அது பிடித்துப்போனது. புருசன் இல்லாதவளுக்கு ஓட்டம் கேக்குதாக்கும் என்று டீக்கடையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் பேசினார்கள். அக்காவின் காதிலும் விழுந்தது. "அவுக பேசி முடிக்கிறதுக்குள்ள நம்ம தாண்டிப் போயிரணும். அதுக்குத்தான் வேகம்" என்று சொல்லிச் சிரித்தார்.

கொழும்பு யோசனை நூர்ஜகானுடையது. "மெட்ராசுக்குப் பஸ்ஸுல போற நேரத்துல மதுரையில ப்ளேன் ஏறிக் கொழும்புக்கே போயிட்டு வந்திரலாம்" என்றாள். சனிக்கிழமை போய், ஞாயிற்றுக்கிழமை இருபத்தொரு கிலோமீட்டர் பாதி மாரத்தான் ஓடி, திங்கட்கிழமை திரும்புவது என்று முடிவானது. புளியோதரை கட்டிக்கொண்டோம். மதுரை ஏர்போர்ட்டில் அக்காவின் கைப்பையிலிருந்து நூல் வெட்டும் குட்டிக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்கள். அதை எதற்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்ட பெண் அதிகாரியிடம், "எதுக்கா? ஒங்க சட்டையில நூலு தொங்குதே, அதுக்குத்தான்" என்றார். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஓட்டத்துக்கு முந்தின நாள் அங்கே எல்லோரும் வெயிலைப் பற்றியே எச்சரித்தார்கள். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். வெயிலைப் பற்றி எங்களிடமா? கானல் பறக்கும் கரிசல்காட்டு ரோட்டில் ஓடிப் பழகியவர்கள் நாங்கள். மூவரிலும் அக்காவுக்குத்தான் அந்தப் பெருமை அதிகம். மறுநாள் ஓட்டத்தில் வழிநெடுக மேசை போட்டுத் தண்ணீர் நீட்டினார்கள். அவர் ஒன்றைக்கூட வாங்கவில்லை. ஓடும்போது தண்ணீர் குடித்தால் விலாவில் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. எங்கள் ஊரில் வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். கடலோரத்தில் அது காயாது, ஊற்றிக்கொண்டே இருக்கும். உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் அப்படிப் போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. வறண்ட காட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் அப்படி ஏமாந்திருக்க மாட்டார்கள்.

நானும் நூர்ஜகானும் கடைசிக் கூட்டத்தோடு முடித்துவிட்டு அவரைத் தேடிக்கொண்டு நின்றபோது, ஓட முடியாதவர்களை ஏற்றிவரும் வேனிலிருந்து அக்கா இறங்கினார். பாதி தூரம் தாண்டியதும் கால் இழுத்து ரோட்டோரத்தில் விழுந்திருக்கிறார். முகம் வெளுத்திருந்தது. ஓட்டம் முடியும் வாசலில் நின்ற பெண் எல்லோருக்கும் போடுவதுபோல் அவர் கழுத்திலும் மெடலைப் போட்டாள். "நான் வேன்ல வந்தவம்மா, எனக்கு எதுக்கு?" என்று அக்கா கழற்றப் போனார். "பரவாயில்லை அம்மா, வச்சிருங்கோ. இவ்வளவு தூரம் வந்தனீங்கள்தானே" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்தவரிடம் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து முருகேசன் போன் செய்தான். விழுந்த விஷயம் தெரிந்தால் பயந்துவிடுவான் என்று, நல்லாத்தான் இருக்கேன் என்று காட்ட ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி அனுப்பிவைத்தார். மெடலைக் கழற்ற மறந்துவிட்டார். அந்தப் படம்தான்.

திங்கட்கிழமை நாங்கள் பாளையம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மேளம் அடித்தது. அந்தப் படம் ஆள் உயரத்துக்கு நின்றது. சால்வை, மாலை, வெடி எல்லாம் இருந்தன. ஓட்டத்தைப் பழித்த அதே பெண்கள் ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றார்கள். முருகேசன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மைக்கை அத்தை கையில் கொடுத்தான். அக்கா கூட்டத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றியதும், "தொண்டை வரைக்கும் வந்துச்சுத்தா. புள்ள மூஞ்சியப் பாத்ததும் முழுங்கிட்டேன்" என்றார்.

மறுநாளிலிருந்து அதைத் துப்பிவிடப் பார்த்தார். அளவு கொடுக்க வந்தவர்களிடம், துணி வாங்க வந்தவர்களிடம், "நான் முடிக்கலப்பா, வேன்ல வந்தேன்" என்று சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். எவ்வளவு தன்னடக்கம் என்றீர்கள். முருகேசனோ, "சும்மா இருங்கத்தை, போட்டோவே இருக்கு" என்றான். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். பிள்ளைகளிடம் மைக்கிலேயே, "நான் ஓடி முடிக்காதவ. தண்ணி குடிக்காம வீம்பு பண்ணி விழுந்தவ" என்று சொன்னார். தலைமையாசிரியர் எழுந்து, பணிவு என்றால் இதுதான் மாணவர்களே என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அக்கா சொன்னார்: "பொய்யின்னா நம்புறாக. நெசத்தச் சொன்னா கைதட்டுறாக. நான் எங்கிட்டுத்தான் போக?"

அந்த வரவேற்பு ப்ளெக்ஸ் அத்தோடும் விடவில்லை. கழற்றிய பிறகு யாரோ அதைக் கொண்டுபோய்த் திருச்சுழி ரோட்டில் ஒரு ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டார்கள். தினமும் நாங்கள் அதைத் தாண்டித்தான் ஓட வேண்டும். அக்கா அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்வார். "ஆடு மட்டும்தான் என்னையப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்பார். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார், ஆனால் தலை நிமிராது.

அதே தூரத்தை நம்ம ரோட்டிலேயே ஓடி முடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமே என்று நான் ஒருமுறை சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "இங்கன ஓடுனா அது இங்கன ஓடுனது. அங்கன விட்டது அங்கனதான கெடக்கும்" என்றார். திரும்பவும் கொழும்புக்குப் போக வேண்டும், அந்தப் பெண் இருந்தால் மெடலை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஓடி முடித்து வேறொன்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. அதற்காகத் தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடப் பழகினார். பாட்டிலைத் திறந்து, கசாயம் குடிப்பதுபோல் முகத்தைச் சுளித்து, ஒரு மடக்கு விழுங்குவார். அடுத்த ஓட்டத்துக்கு மூவரும் பெயர் கொடுத்திருந்தோம். அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

அன்று வீட்டுக்குள் போனபோது ஐஸ் பெட்டிக்குள் அக்கா கிடந்தார். கழுத்தில் மெடல். முருகேசன் போட்டுவிட்டிருந்தான். வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடி வழியே அதைத்தான் பார்த்தார்கள். "வெளிநாட்டுல போயி செயிச்சவக" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தன்னுடையது இல்லாத ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இல்லை என்று சொல்ல வாயும் இல்லாமல் அவர் கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

குளிப்பாட்ட நேரமானதும் பெண்கள் சேலையைச் சுற்றிலும் பிடித்து மறைத்தார்கள். முருகேசனின் அம்மா என்னைக் கூப்பிட்டு, "நீயும் வா தாயி, ஒன்னையத்தான் எந்நேரமும் சொல்லுவாக" என்றார். தோடு, வளையலைக் கழற்றும்போது மெடலை நான் கழற்றினேன். மற்றவற்றை முருகேசனின் அம்மா கையில் கொடுத்தேன். மெடலை ஈரத்துண்டில் சுருட்டி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

தூக்கப் போகும்போது முருகேசன் தேடினான். பூக்குவியலைக் கலைத்தான், பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். "சித்தி, மெடலப் பாத்தீகளா?" என்று என்னிடம் கேட்டான். "பாக்கலய்யா" என்றேன். "அத்தைய வெறுங்கழுத்தா அனுப்புறேனே" என்று அவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். பொய்யை எடுக்கப் போன நான் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நின்றேன். அவனைத் தேற்றப் போன நூர்ஜகானின் கண்ணைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

முருகேசா, நீ தேடிய மெடல் என்னிடம் இருக்கிறது. நீ அத்தையை வெறுங்கழுத்தாக அனுப்பவில்லை. அவர் விரும்பியபடி அனுப்பினாய், அவ்வளவுதான். உனக்குக் கோபம் வந்தால் வீட்டுக்கு வந்து திட்டிவிட்டுப் போ. ஆனால் மெடலைக் கேட்காதே. அடுத்த ஓட்டத்துக்கு நானும் நூர்ஜகானும் போகிறோம். முடிகிறதோ இல்லையோ, அதை எங்கே வாங்கினாரோ அங்கேயே கொடுத்துவிட்டு வருவோம். வழியில் கொடுக்கிற தண்ணீரையெல்லாம் வாங்கிக் குடிப்போம்.

ஆகவே மெடல் எனக்கும் சொந்தமில்லை. அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய ஒரே ஒரு பேச்சைத்தான். உயிரோடு இருந்தவரைக்கும் உங்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், நீங்கள் கைதட்டினீர்கள். இனி அவருக்காக நான் சொல்கிறேன். செல்லத்தாய் அக்கா அந்த ஓட்டத்தை முடிக்கவில்லை. இந்த ஒரு தடவையாவது நம்பிவிடுங்கள்.