ஏழடி மந்திரி

ஒன்று, இரண்டு, மூன்று என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே அக்காவின் அறையிலிருந்து இவர் பின்னோக்கி நடக்கிறார். கையில் காலித் தம்ளர், இடுப்பு வளைந்தபடி, முகம் கட்டிலைப் பார்த்தபடி. நாலாவது அடியில் மேசை விளிம்பு இடிக்காமல் லேசாக ஒதுங்குகிறார். ஆறாவதில் கால் தானாக மிதியடியைத் தாண்டுகிறது. ஏழாவதில் வாசற்படி. அங்கே நின்று இன்னும் ஒருமுறை வணங்குகிறார். "போய் வரலாம் மந்திரியாரே" என்று கட்டிலிலிருந்து உத்தரவு வருகிறது. அதற்குப் பிறகுதான் திரும்பிச் சமையலறைக்குப் போய்த் தம்ளரைக் கழுவுகிறார்.

படப்பிடிப்புத் தளத்தில் இவருக்கு ஏழடி என்று பெயர். இளசுகள் ஏழடி அண்ணன் என்பார்கள். மாலை ஏழு மணிக்கு வரும் ராஜா தொடரில் பதினொரு வருடமாக இவர் மூன்றாவது மந்திரி. முதல் மந்திரிக்கு வசனம் உண்டு, இரண்டாவது மந்திரிக்கு இருமலாவது உண்டு, இவருக்குத் தாடி மட்டும்தான். போர் மூண்டாலும் சரி, இளவரசி கோபித்துக்கொண்டு அந்தப்புரத்தில் கதவைச் சாத்திக்கொண்டாலும் சரி, இவர் செய்ய வேண்டியது ஒன்றே. ராஜா கையை அசைத்ததும் வணங்கி, வணங்கிய முதுகை நிமிர்த்தாமல் ஏழடி பின்னால் நடந்து, தூணுக்குப் பக்கவாட்டில் மறைய வேண்டும்.

அதை லேசாக நினைத்துவிட வேண்டாம். தரையெல்லாம் ஒயர், கேமரா ஓடும் தண்டவாளம், யாரோ குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸ். புதிதாக வருகிறவர்கள் மூன்றாவது அடியிலேயே தூணில் மோதுவார்கள். தூண் அட்டை என்பதால் அரண்மனையே ஆடும். இவர் மட்டும் கால்விரல் நுனியால் தரையைத் தடவிப் பார்த்து, பிறகு குதிகாலை ஊன்றுவார். "கண்ணு ராஜா மேல, காது கால் மேல. அவ்வளவுதான் வித்தை" என்பார்.

இந்த ராஜ மரியாதை பிறந்த கதை வேறு. முதல் நாள் இவருக்குக் கொடுத்த அங்கி ஒல்லியான ஒருவருக்குத் தைத்தது. உடை உதவியாளர் முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழே கிழித்து, ஒன்பது ஊக்குப் போட்டு இழுத்துக் கட்டி, என்ன ஆனாலும் முதுகைக் காட்டிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதனால்தான் இவர் பின்னோக்கியே நடந்து வெளியேறினார். டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். விசுவாசம் என்றால் இதுதான் என்றார். அன்று முதல் அந்த அரண்மனையில் ராணியும் தளபதியும் பெற்ற மகனும்கூட ராஜாவுக்கு முதுகு காட்டுவதில்லை. அது தலைமுறை தலைமுறையாக வந்த சம்பிரதாயம் என்று கதை எழுதுகிறவர் ஒரு பேட்டியில் கூசாமல் சொன்னார். அதை இவர் அக்காவுக்குப் படித்துக் காட்ட, அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

அம்மா போனபின் இவரை வளர்த்தவள் அந்த அக்கா. தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. காலையில் தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, புத்தகப் பை தொங்கும் முதுகு தெருமுனையில் மறைகிறவரை வாசலிலேயே நிற்பாள். அதனால் தினமும் வேலைக்குத் தாமதம், தினமும் திட்டு. நிற்பதை மட்டும் விடவில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையோடு படுக்கையாகி இப்போது மூன்று வருடம். முதல் வாரம் அவள் பேசவே இல்லை. சிரிக்க வைக்க வேண்டுமே என்று ஒருநாள் இவர் மந்திரிபோல வணங்கிப் பின்னால் நடந்தார். சிரித்தாள். அன்றிலிருந்து அந்த அறையிலும் அதுவே முறை.

மதியத் தூக்கத்துக்கும் மாலை மாத்திரைக்கும் நடுவே அக்கா வீட்டிலா அரண்மனையிலா, எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று சொல்ல முடியாது. திரைச்சீலை அசைந்தால் தூதுவன் வந்திருக்கிறான் போல என்பாள். அப்போதெல்லாம் இவருக்கும் அறை கொஞ்சம் பெரிதாகத் தெரியும். சுவர்கள் தள்ளிப்போகும், மின்விசிறி எங்கோ உயரத்தில் சுற்றும், ஜன்னல் வெயில் கட்டில்வரை கம்பளம் விரிக்கும். அந்த மயக்கத்தை இவர் கலைப்பதில்லை. மெத்தை நுனியில் உட்கார்ந்து ராஜ்ய விவகாரம் கேட்பார். "பெத்த பிள்ளையே ராஜாவுக்குக் குழி பறிக்குது. நீயாவது கடைசி வரைக்கும் கூட நில்லுடா" என்று அவள் இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள்.

போன வாரம் இவருக்கு முதல் வசனம் கொடுத்தார்கள். மகன் அரியணையைப் பிடித்துவிடுகிறான். மூன்றாவது மந்திரி ராஜாவிடம், "இனி இந்த அரண்மனையில் உங்களுக்கு இடமில்லை" என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி நடந்து மகன் பக்கம் போய் நிற்க வேண்டும். மாட்டேன் என்றால் ராஜாவோடு சேர்த்து இவரையும் நாடு கடத்திவிடுவார்கள், தொடரை விட்டே. மனைவிக்கு இது வேடிக்கையாக இருந்தது. "பதினொரு வருஷமா வாயத் தொறக்க விடலன்னு புலம்புனீங்க. இப்ப தொறக்கச் சொன்னா அக்கா என்ன நினைப்பாங்கன்னு புலம்புறீங்க." அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் ஒரு நாளில் அரை மணி நேரம்தான் அக்கா மனதாலாவது கட்டிலை விட்டு எங்கேயோ போய் வருகிறாள். அங்கேயும் தம்பி துரோகி என்றால் அவளுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

வசனம் பிசிறில்லாமல் வந்தது. முதுகுதான் வரவில்லை. சொல்லி முடித்ததும் கால்கள் தம் பாட்டுக்குப் பின்னால் போயின. ஐந்து டேக் போயிற்று. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் ராஜாவாக நடிப்பவர் கிரீடத்தைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, "திரும்புய்யா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றார். ஆறாவதில் திரும்பினார்.

இன்று மாலை அது ஒளிபரப்பாகிறது. கேபிள் அறுந்துவிட்டது என்று சொல்லிவிடுவதாகக் கணவனும் மனைவியும் காதும் காதும் வைத்ததுபோல முடிவு செய்திருந்தார்கள். டிவி பிளக் சுவரோரம் தொங்குவதை அக்கா படுத்தபடியே பார்த்துவிட்டாள். "சொருகுடா" என்றாள். சொருகினார். மாத்திரைக்கான தண்ணீர்த் தம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டார். தன் குரல் கேட்டது. பிறகு பேச்சில்லாமல் காலடிச் சத்தம் மட்டும். கேமரா இவர் முதுகுக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருக்க வேண்டும், வெகுநேரம் கேட்டது.

விளம்பரம் வந்ததும் அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினாள். எழுதிக் கொடுத்ததைத்தானே அக்கா நான் செய்ய முடியும் என்று இவர் பதிலைத் தயாராக நாக்கில் வைத்திருந்தார்.

"உன் முதுகு எப்படா இப்படிக் கூனிப்போச்சு?"

இவருக்குச் சட்டென்று புரியவில்லை. வரும்போது முகம், போகும்போதும் முகம். மூன்று வருடமாக இந்த அறையில் அக்காவுக்கு இவர் காட்டியது அவ்வளவுதான்.

"ராஜா கிடக்கட்டும்" என்றாள். அவள் குரல் தெளிவாக, இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. "நீ எழுந்திரு. திரும்பி நட. நான் பார்க்கணும்."

அவள் கையிலிருந்து காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு எழுகிறார். வணங்கவில்லை. கட்டிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தோள்களை முடிந்தமட்டும் நிமிர்த்தி, ஏழடியையும் மெதுவாக நடக்கிறார். வாசற்படி வந்தபிறகும் திரும்பிப் பார்க்காமல், அக்கா பார்த்து முடிக்கட்டும் என்று அப்படியே நிற்கிறார்.