வாசல் தரம்

கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சாவி அக்கா. பூட்டிக் கிடக்கும் எந்தக் கட்டடமாக இருந்தாலும் பேசிப் பேசியே திறக்க வைத்துவிடுவார் என்பதால் வந்த பெயர். பன்னிரண்டு வருடமாக முகம் பார்த்துப் பேசாத அண்ணனையும் தம்பியையும், ஆளுக்கொரு பூட்டுப் போட்டு வைத்திருந்த வீட்டு வாசலுக்கு ஒரே நேரத்தில் வரவழைத்தவர். "அக்கா நெனச்சா பேங்க் லாக்கரே தானா திறந்துக்கும்" என்று டீ நேரத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கொஞ்சம் சீக்கிரமாகவே சிரித்து முடித்துவிடுவார். அதை யாரும் கவனித்ததில்லை.

வேலை இதுதான். நகரத்தில் அறுபது வயதைத் தாண்டிய கட்டடங்களைப் பார்த்துத் தரம் போட வேண்டும். முதல் தரம் என்றால் ஒரு செங்கல்லைக்கூடத் தொடக்கூடாது. இரண்டாம் தரம் என்றால் முகப்பை வைத்துக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். மூன்றாம் தரம் என்றால் அளவெடுத்து, படம் எடுத்து, இடிக்க அனுமதித்துவிட வேண்டியதுதான். நகரமோ அவசரத்தில் இருந்தது. போன மாதம் சலவைக்கடை இருந்த இடத்தில் இந்த மாதம் பள்ளம், அடுத்த வருடம் பதினெட்டு மாடி. அந்த அவசரத்தை ஒரு கை நீட்டி நிறுத்தி, "இரு, என்ன இருக்குன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லும் வேலை அவருடையது.

உள்ளே போகாமல், தெருவில் நின்றபடியே போடும் தரத்துக்கு அலுவலகத்தில் 'வாசல் தரம்' என்று பெயர். அதைவிடக் கெட்ட வார்த்தை அங்கே கிடையாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பு எடுப்பது சாவி அக்காதான். "மூஞ்சியைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கட்டடமும் மனுஷன் மாதிரிதான். உள்ள என்ன இருக்குன்னு உள்ள போனாத்தான் தெரியும்" என்பார். பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

டயர் கிடங்கின் கோப்பு ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மேசைக்கு வந்தது. மூன்றாம் தரம். பத்து நாளில் இடிப்பு. அதற்கு முன் கடைசி அளவு எடுக்க வேண்டும். வழக்கமாக அதற்குப் போகிறவர் விடுப்பில் இருந்தார். சாவி அக்கா அட்டையைத் திருப்பினார். எட்டு வருடத்துக்கு முன் தரம் போட்டுக் கையெழுத்துப் போட்டவர் அவரேதான். 'உட்புறம் பார்வையிடப்பட்டதா?' என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்'. அதற்குக் கீழே, அவருடைய உருண்டைக் கையெழுத்தில்: 'வெளிச்சம் போதவில்லை, உட்புறப் படம் எடுக்க இயலவில்லை.'

வெளிச்சத்துக்கு என்ன குறை? அன்றைக்குப் பட்டப்பகல். சாவி வைத்திருந்த கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பட்டியலை முடித்துக் கொடுக்க இன்னும் நான்கே நாள். முகப்பு முழுக்கத் தகரம் அடித்து, அதன்மேல் டயர் விளம்பரம். இதற்குள் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? அவருக்குக் காய்ச்சல் இல்லை, வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை, மழையும் இல்லை. அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். எதிரே போய் ஒரு டீ குடித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினார்.

புதன்கிழமை காலை, உள்ளே ஒன்றும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனார். பழைய கட்டடங்களைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவர் வேண்டிக்கொள்கிற வேண்டுதலா இது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

வாசலில் டயர்க் கடைக்காரரும், அங்கே பதினான்கு மாடி எழுப்பப்போகும் இளம் கட்டடக் கலைஞரும் நின்றிருந்தார்கள். அந்த இளைஞர் தரைமட்டம் பார்க்க வந்தவர். கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார்.

"பார்த்து வாங்கம்மா. டயர் அடுக்கு சாஞ்சுதுன்னா நாங்க உங்களைத் தோண்டித்தான் எடுக்கணும்."

உள்ளே முதலில் ரப்பர் வாடைதான் தெரிந்தது. பிறகு கண் பழகியது. பிறகு மூவரில் இருவர் மேலே பார்த்தார்கள்.

தூணே இல்லாத கூடம். முப்பத்திரண்டு மீட்டர் நீளம், பதினான்கு மீட்டர் அகலம், நடுவில் ஒரு தாங்கல்கூட இல்லை. மேலே வளைந்த கூரை முழுவதும் மரம். அதில் முழுநீள உத்திரம் என்று ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு துண்டும் ஒரு ஆள் கைகளை விரித்தால் பிடிக்கிற நீளம்தான். அந்தத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, பாய் பின்னுவதுபோல் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரைக்கும் பின்னியிருந்தார்கள். நீள மரம் கிடைக்காத பஞ்ச காலத்தில், தபால் வண்டிகளை நிறுத்துவதற்காக யாரோ கணக்குப் போட்டுக் கட்டிய கூடம். எழுபது வருடமாக ஒரு துண்டும் விலகவில்லை.

கட்டடக் கலைஞர் கையிலிருந்த வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் நடந்தார். திரும்பி வந்தார்.

"மேடம், இதுக்கா மூணாம் தரம்?"

சாவி அக்கா அளவு நாடாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இது இப்படி இருக்குன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற மாதிரி வரைஞ்சிருப்பேன் மேடம். பின்னால காலி யார்டு அவ்வளவு பெருசா கெடக்கு. டவரை அங்க தள்ளிட்டு, இதை அப்படியே முன்கூடமா வெச்சிருக்கலாம். எந்தப் புண்ணியவான் வந்து பார்த்தாரு?"

"ஃபைல்ல பார்க்கணும்" என்றார் சாவி அக்கா.

"வந்தாத்தானே பார்க்குறதுக்கு!" என்று கடைக்காரர் சிரித்தார். "இருபது வருஷமா நான் இங்கதான் இருக்கேன். கவர்மென்ட் ஆளுன்னு ஒருத்தர் இந்தப் படி ஏறினதில்ல. நீங்கதாம்மா முதல் ஆளு."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். சாவி அக்காவுக்கு நாடாவின் நுனியை எங்கே பிடிக்க வேண்டும் என்பது மறந்துபோனது.

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நீ பழசைப் புடிச்சு நிறுத்து, நான் புதுசை மேல தூக்குறேன்" என்பது அந்த வீட்டில் இருபத்தைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் நகைச்சுவை. அன்று மாலை அவர் காலணியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சாவி அக்கா சொல்லிவிட்டார். கூரையைப் பற்றி முதலில். டீயைப் பற்றிக் கடைசியில்.

"சரி விடு. ஒண்ணு தவறிடுச்சு."

"ஒண்ணு இல்லீங்க. அந்த வாரம் மட்டும் பதினொண்ணு. எல்லாத்துலயும் வெளிச்சம் போதலைன்னு எழுதியிருக்கேன்."

அவர் காலணியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "அதெல்லாம் நிக்குதா?"

"இதையும் சேர்த்து ஏழு நிக்குது. நாலு போயிடுச்சு." அந்த நான்கு தெருக்களையும் சொன்னார்.

மூன்றாவது தெருவைச் சொன்னதும் அவர் நிமிர்ந்தார். "அந்த மூலையில இருக்கிற பச்சைக் கண்ணாடி பில்டிங்கா? அங்கதானே வாரா வாரம் லிஃப்ட் பார்க்கப் போறேன்."

"ஆமா."

"நல்ல லிஃப்ட்" என்றார். பிறகு, "வேலை போகுமா?" என்று கேட்டார்.

"போகலாம்."

"போனா போகட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா நீ இப்படி உட்கார்ந்திருக்கிறதையும் பார்க்க முடியலை. நீயே முடிவு பண்ணு."

வியாழக்கிழமை காலை இயக்குநர் அறைக்குப் போனார். இயக்குநர் அவரைவிட ஐந்து வயது இளையவர். அவரிடமே தொழில் படித்தவர். நாலு பேர் இருந்தால் சாவி அக்கா 'சார்' என்பார், கதவு சாத்தியிருந்தால் 'தம்பி'. அன்று கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கூரையின் படங்களை மேசைமேல் வைத்தார். உள்ளே போகவில்லை என்பதையும் வைத்தார்.

இயக்குநர் படங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய், கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. அன்னைக்கு உள்ள தகரத்துல பொய்க்கூரை அடிச்சிருந்தாங்க, இப்பக் கழட்டிட்டாங்க, அதான் தெரியுதுன்னு எழுதுங்க. புதுத் தகவல்னு சொல்லித் தரத்தை மாத்திடலாம். ஒரு வாரத்துல முடிஞ்சிடும். கூரையும் தப்பும், நீங்களும் தப்பிச்சிடுவீங்க."

"பொய்க்கூரை இல்லையே தம்பி."

"இல்லைன்னு யாருக்குத் தெரியும்? நீங்க உள்ள போகலைன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா? உங்க கையெழுத்துல முன்னூத்திப் பத்து கட்டடம் இருக்கு. இரண்டாம் தரம் வாங்கின ஒவ்வொரு ஓனரும் வக்கீலைக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பான். 'இந்தம்மா எங்க வீட்டுக்குள்ளயும் வரலை'ம்பான். நீங்க நிஜமாவே ஏறி இறங்கிப் பார்த்த கட்டடத்தையும் சேர்த்து இடிச்சுட்டுப் போயிடுவான். ஒண்ணைக் காப்பாத்த எல்லாத்தையும் கொடுக்கணுமா?"

நியாயமாகத்தான் பேசினார். அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வந்திருக்கலாம்.

"இது ஒண்ணுதானே அக்கா?"

இங்கே ஒரு 'ஆமா' சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எட்டு வருடத்துக்கு முன் எழுதிய அதே சொல். அவர் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் பொய்க்கூரைக் கதை ஒரு கூரையைத்தான் காப்பாற்றும். மற்ற ஆறு கட்டடங்களும் மூன்றாம் தரத்தோடு அதனதன் தெருவில் நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று இந்த நகரத்தில் யாருக்கும் தெரியாது. பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கும் தெரியாது.

"பதினொண்ணு" என்றார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எனக்கு முதல் நாள் வகுப்பு எடுத்ததே நீங்கதானேக்கா" என்றார். சாவி அக்கா அவர் மேசையிலிருந்தே ஒரு தாளை எடுத்து, தேதி போட்டு எழுத ஆரம்பித்தார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டயர் கிடங்கின் இடிப்பு நின்றது. கட்டடக் கலைஞர் பதினான்கு மாடியைப் பின் யார்டுக்குத் தள்ளிப் புதிதாக வரைந்து கொடுத்தார்; இடத்தின் உரிமையாளர் இரண்டு மாதம் கத்திவிட்டு ஒப்புக்கொண்டார். மற்ற ஆறையும் வேறு ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். ஐந்தில் ஒன்றுமில்லை. ஆறாவதில், பழைய மருந்துக்கடை ஒன்றின் பின்னறையில், சுவர் நிறைய மர இழுப்பறைகளும் சுழல் படிக்கட்டும் இருந்தன. அது முதல் தரமானது. சாவி அக்காவைப் பார்வையிடும் பணியிலிருந்து நீக்கி ஆவண அறைக்கு மாற்றினார்கள்.

இயக்குநர் சொன்னதும் நடந்தது. மூன்று உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். இரண்டு தள்ளுபடியாயின. மூன்றாவது வழக்கு, பொதுக் குளியல் கூடம் ஒன்றைப் பற்றியது. அதை அவர் மூன்று மணி நேரம் சுற்றிப் பார்த்திருந்தார். வெந்நீர்த் தொட்டிக்குள்ளேயே இறங்கி, முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்தவர். "இவர் கையெழுத்தை எப்படி நம்புவது?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். குளியல் கூடம் போய்விட்டது. அது இடிபட்ட வாரம், அலுவலகத்தில் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. புதுப் பிள்ளைகள் இன்னமும் சாவி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

மீதி இருந்தது அந்த நான்கு. இல்லாத கட்டடத்தின் கோப்பைத் திருத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அவராகவே வாக்காளர் பட்டியல், பழைய தொலைபேசிப் புத்தகம் என்று தேடி, அங்கே குடியிருந்தவர்களைக் கண்டுபிடித்துக் கூப்பிட ஆரம்பித்தார்.

முதல் ஆள் தையல்காரர். "உள்ளயா? உள்ள என்னம்மா இருக்கும். ஒரு ரூமு, ஒரு ஃபேனு, நானு. மழை பெஞ்சா என் தலையில ஒழுகும்." அன்று முழுக்க சாவி அக்காவுக்குச் சாப்பாடு இறங்கியது. இரண்டாவது கட்டடத்துக்கு ஆளே கிடைக்கவில்லை. மூன்றாவது பச்சைக் கண்ணாடிக் கட்டடம் நிற்கும் மூலை; அங்கே இருந்தது ஒரு பழைய அரிசிக் கிடங்கு என்றும், எலிகள்தான் பாதி வாடகைக்கு இருந்தன என்றும் ஒருவர் சொன்னார்.

நான்காவது வீட்டுக்கு ஒரு பெண்மணி கிடைத்தார். இப்போது மகனோடு வேறு ஊரில் இருக்கிறாராம். குரலில் நல்ல தெம்பு.

"எங்க வீடா? அடேயப்பா, அதைக் கேக்குறதுக்குக்கூட ஆள் இருக்கா? நடுவுல மேல கண்ணாடிக் கூரை இருக்கும்மா. மஞ்சளும் நீலமும். பதினோரு மணிக்கு வெயில் உள்ள எறங்கும் பாருங்க, தரை பூரா கலர் கலராக் கெடக்கும். நாங்க நாலு அக்கா தங்கச்சி, தலைக்குக் குளிச்சுட்டு அந்தக் கலர்ல உட்கார்ந்து முடி காயவெப்போம். நீலத்துக்குச் சண்டை நடக்கும்."

சாவி அக்காவின் பேனா நின்றுவிட்டது.

"எதுக்கும்மா கேக்குறீங்க? திரும்பக் கட்டப் போறாங்களா?"

"இல்லம்மா."

"அப்ப?"

"அந்த வீட்டைப் பார்த்து எழுத வந்தவ நான்தாம்மா. வாசல்ல நின்னுட்டுப் போயிட்டேன். உள்ள வரலை. அதனாலதான் இடிச்சாங்க."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள்.

"ஏம்மா, கதவு எப்பவும் தெறந்துதானே கெடக்கும்" என்றார் அந்தப் பெண்மணி. திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

அந்தப் பெண்மணி போனை வைத்துவிடுவார் என்று சாவி அக்கா காத்திருந்தார். அவர் வைக்கவில்லை.

"பேனா வெச்சிருக்கீங்களா?" என்றார். "வாசப்படியிலேர்ந்து சொல்றேன். உள்ள வந்ததும் வலது கைப் பக்கம் ஒரு சின்ன ரூமு. அது எங்க அப்பாவோடது. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதுறேம்மா" என்றார் சாவி அக்கா.