கலக்காத தேத்தண்ணி

திரியாயில் இருந்து விடிய முதல் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டேன். பைக்குள் ஒரு வேட்டி, ஒரு துவாய், மருந்துப் பொட்டலம், தண்ணிப் போத்தல், மனைவி சுட்டுத் தந்த குரக்கன் ரொட்டி. மருந்து இருக்கிறதா என்று வீட்டில் ஒரு தடவை பார்த்தேன், வாசல் படலையில் ஒரு தடவை பார்த்தேன், பஸ் ஏறினாப்பிறகும் பார்த்தேன். நான் அப்படியான ஆள். படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டது. பயம்தான் நிற்காமல் மேலே மேலே படித்தது.

போகிற இடம் கட்டைபறிச்சான். அண்ணன் செத்து எட்டாம் நாள். எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் பொழுதுபட, செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து ஒரு அறைக்குள் படைப்போம். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே இருப்போம், அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று. செத்தவீட்டுக்கு வாடகை வான் பிடித்துக் குடும்பமாகப் போய், எரித்த கையோடு திரும்பியிருந்தோம். அந்த வழியால் நான் தனியாக, பஸ்ஸில் போவது கன வருசத்துக்குப் பிறகு இதுதான்.

அண்ணன் சின்ன லொறி ஓட்டினவர். கட்டைபறிச்சானில் மீனை ஏற்றிக்கொண்டு மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலைச் சந்தைக்கு ஓடுவார். சீனி வருத்தம், நீரிழிவு. முதலில் காலில் புண் வந்தது, பிறகு ஒரு விரலை எடுத்தார்கள், கடைசியில் நெஞ்சு. எனக்கும் அதே வருத்தம்தான் என்று போன வருசம் கிளினிக்கில் சொன்னார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குச் சீனி இல்லை. அண்ணனுக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். முகம் ஒன்று. சின்ன வயதில் அம்மாவே ஆளை மாறி அடித்திருக்கிறா.

குச்சவெளி, நிலாவெளி தாண்டி, நாற்பத்தைந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட ஓடி, எட்டு மணிக்குத் திருகோணமலை பஸ் நிலையம். அங்கேயே மூதூர் பஸ் நின்றது. இருநூறு ரூபாய்க்குள்தான் டிக்கட். யன்னல் கரையில் இருந்தேன். பஸ் துறைமுகத்தைச் சுற்றிப் போகையில் தண்ணீர் ஒரு அலையும் இல்லாமல், எண்ணெய் ஊற்றி வைத்தது மாதிரிக் கிடந்தது. கப்பல் ஒன்று நின்றது, அதில் ஒரு ஆளும் தெரியவில்லை. சாரதி கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். சீனன்குடா கழியவும் பார்த்தார். மூன்றாம் தடவை நான் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஒன்பது மணிபோலக் கிண்ணியாப் பாலம். இந்த நாட்டின் நீளமான பாலம் என்பார்கள். முன்னொரு காலம் வாகனம் ஏற்றும் மிதவைப் பாதையில் இந்தத் தண்ணீரைக் கடந்தது எனக்கு நினைவு இருக்கிறது. பாலம் தாண்டிக் கடைத்தெருவில் பஸ் ஆள் ஏற்ற நின்றது. அப்போதுதான் யன்னலுக்குள்ளால் ஒரு கை வந்தது, ஒரு கிளாஸ் பிளேன்டீயோடு.

"அண்ணன்! என்ன, லொறிய விட்டுட்டு இண்டைக்கு பஸ்ஸில? பிடிங்க, பிடிங்க, கை சுடுது."

தொப்பி போட்ட கடைக்காரர். சிரித்த முகம். நான் கிளாஸை வாங்கிவிட்டேன். சுடுகிற சாமானை ஒருவர் நீட்டினால் கை தானாக வாங்கிவிடுகிறது.

"நான்..." என்றேன்.

"நாலு கரண்டி. கலக்கல்ல, பயப்புடாதீங்க. உங்கட தேத்தண்ணிய நான் எந்த நாள் பிழையாப் போட்டன்?"

கிளாஸின் அடியில் விரல் மொத்தத்துக்குச் சீனி, கடற்கரை மணல் மாதிரி, கரையாமல் படுத்திருந்தது. மேலே இருப்பது கசப்பு. குடிக்கக் குடிக்க இனிப்பு கூடும். கடைசி மிடறு முழுக்கப் பாகு. அண்ணன் சின்னதிலேயே இப்படித்தான் குடிப்பார், அம்மா காணாமல்.

கொண்டக்டர் "போவம், போவம்" என்று தட்டினான். கடைக்காரர் கிளாஸுக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தேத்தண்ணி உள்ளே போய்விட்டது. எத்தனையோ மாதமாக வீட்டில் காணாத இனிப்பு, கன்னமெல்லாம் கூசியது. வெறும் கிளாஸை வாங்கிக்கொண்டு அவர் பஸ்ஸோடு நாலு எட்டு நடந்து வந்தார்.

"அப்ப நாளைக்கும் வருவீங்கதானே!"

பஸ் வெளிக்கிட்டுவிட்டது. அண்ணன் செத்துப்போனார் என்று நான் சொல்லவேயில்லை. ஓடுகிற பஸ்ஸில் இருந்து அதை எப்படிக் கத்துவது? துவாயால் வாயைத் துடைத்தேன். நெஞ்சு அடிப்பது சீனியாலா, பயத்தாலா என்று பிடிபடவில்லை. காலைக் குனிந்து தடவிப் பார்த்தேன். புண் ஒன்றும் இல்லை.

உப்பாறு கழிந்தது. கங்கைப் பாலத்துக்குக் கிட்ட பஸ் ரயருக்குக் காற்றுப் போய் நின்றது. எல்லாரும் இறங்கினோம். இரண்டு பக்கமும் வயல். வெயில் வந்தும் பனிப்புகார் தண்ணீருக்கு மேலே விலகாமல் நின்றது. மரத்துக்குக் கீழே ஒரு பெண் எள்ளுருண்டை விற்றுக்கொண்டிருந்தார், நாற்பது வயதிருக்கும். நான் கிட்டப் போகவில்லை. அவரே எழும்பி வந்து பேப்பரில் சுற்றின பொதி ஒன்றை என் கையில் வைத்தார்.

"ஏன் அண்ணை முந்தாநாள் நிக்காமல் போனனீங்கள்?"

"நான் அவரில்லை பிள்ளை. அவற்ற தம்பி. அவர் செத்து இண்டைக்கு எட்டு."

"பகிடி விடாதேங்கோ."

"சத்தியமா."

அவர் சிரிப்பை நிற்பாட்டினார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். அண்ணன் நொண்டுவார். நான் நேராகத்தான் நின்றேன்.

"முந்தாநாள் லொறி வந்ததே," என்றார் மெல்ல. "இந்த மரத்தடியிலதான். எப்பவும் போல ரெண்டு தரம் ஹோர்ன் அடிச்சது. நான் பொதியைக் கட்டிக்கொண்டு ஓடிவர, போயிட்டுது. உள்ளுக்க ஆர் எண்டு நான் பார்க்கேல்ல."

"வேற லொறியா இருக்கும்."

"ஓம். வேற லொறியாத்தான் இருக்கும்," என்றார். பொதிக்குக் காசு வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னுக்கு வைத்துக்கொண்டார். "அவருக்குக் கட்டினது. அங்க கொண்டுபோய் வையுங்கோ."

ரயர் மாற்றி மூதூர் போய்ச் சேரப் பதினொரு மணி தாண்டிவிட்டது. ஒரு ஓட்டோ பிடித்தேன். பெடியன் ஒன்றும் கதைக்கவில்லை. கடை, பள்ளிவாசல், பிறகு வெளி. களப்புக் கரையில் கண்டல் மரங்கள் வேரைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றன. நாலைந்து கிலோமீற்றர் ஓடி, இரண்டு ஒழுங்கை திரும்பி, அண்ணன் வீட்டுப் படலையில் நிறுத்தினான். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனாப்பிறகுதான் எனக்கு விளங்கியது, கட்டைபறிச்சான் என்று மட்டும்தான் நான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். எந்த வீடு என்று சொல்லவேயில்லை.

முற்றத்தில் லொறி நின்றது. முன் கண்ணாடியை வேப்பம் சருகு மூடியிருந்தது.

மச்சாள், அண்ணன் மனைவி, குசினிக்குள் இருந்து வந்தா. எட்டு நாளில் பாதியாகிவிட்டா. "வாங்கோ தம்பி, வழியில ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை மச்சாள்," என்றேன் உடனே. "லொறியை ஆரும் முந்தாநாள் எடுத்தவையோ?"

"ஆர் எடுக்கிறது? பற்றறியைக் கழட்டி உள்ளுக்க வைச்சிருக்கு. ஏன்?"

"சும்மா கேட்டனான்."

பின்னேரம் முழுக்கச் சமையல். நண்டுக் கறி, மீன் பொரியல், முட்டை, பிட்டு. எங்கள் பெரியக்கா ஒரு கதிரையைக் குசினி வாசலில் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தா. அண்ணனை வளர்த்தது அவ. துக்கம் அவவுக்கு வாயால்தான் வரும்.

பொழுது பட்டது. களப்புப் பக்கம் இருந்து ஒரு சத்தமும் இல்லை, தவளை கூடக் கத்தவில்லை. மச்சாள் தலைவாழை இலையில் எல்லாம் வைத்து, விளக்கைக் கொளுத்தி, கடைசியாக ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுவந்தா.

பெரியக்கா எட்டிப் பார்த்தா. "சீனி போட்டியோ?"

"இல்லை அக்கா. அவர் விட்டவர்தானே."

"செத்தவனுக்கும் பத்தியமோடி? கடைசி ரெண்டு வருசம் ஒரு வாய் இனிப்புக் காட்டினியோ? நாக்குச் செத்துத்தான் அவன் செத்தவன். பட்டினி போட்டே கொன்றுபோட்டாய்."

முற்றத்தில் இருந்த சனம் கதையை நிற்பாட்டியது. மச்சாள் கிளாஸோடு நின்றா.

"தம்பி, நீங்கள் சொல்லுங்கோ," என்றா என்னைப் பார்த்து. "ரெண்டு வருசமா இந்த வீட்டில சீனிப் போத்தல் இல்லை. பிள்ளையளுக்கும் இல்லை. குரக்கன், இலைக்கஞ்சி எண்டு அளந்து அளந்து குடுத்தனான். ஒவ்வொரு தரமும் கிளினிக்கில கூடித்தான் இருந்தது. நான் என்ன பிழை விட்டனான்? இரவில படுத்தா இதைத்தான் யோசிக்கிறன். சோறு கூடிப்போச்சோ? வாழைப்பழமோ?"

அண்ணனைக் காட்டிக்கொடுப்பதா என்று ஒரு நிமிசம் யோசித்தேன். விளக்கு, இலை, சாத்தப்போகிற கதவு எல்லாம் எனக்கு முன்னால். அவர் அந்த அறைக்குள் வந்து நின்று என்னையே பார்க்கிற மாதிரி முதுகு கூசியது. ஆனால் மச்சாள் உயிரோடு நிற்கிறா.

"நாலு கரண்டி போடுங்கோ மச்சாள்," என்றேன். "கலக்க வேண்டாம்."

"என்ன?"

கிண்ணியாக் கடையைச் சொன்னேன். பையில் இருந்து எள்ளுருண்டைப் பொதியை எடுத்து இலையில் வைத்து, மரத்தடியையும் சொன்னேன். முந்தாநாள் வந்த லொறியை மட்டும் சொல்லவில்லை. "ஒவ்வொரு நாளும் குடிச்சிருக்கிறார். உங்கட சாப்பாட்டில ஒரு பிழையும் இல்லை. பிழை வழியில இருந்தது."

பெரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. மச்சாள் அழுவா என்று நினைத்தேன், அழவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சீனி வாங்கினா. ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிப் போட்டா. நாலாவது கரண்டியைக் கிளாஸுக்கு மேலே பிடித்தபடி கேட்டா:

"நீங்களும் சீனியை விட்டதெண்டு சொன்னா உங்கட மனுசி. வீட்டில மட்டுமோ? வழியிலயுமோ?"

அவ பதிலுக்கு நிற்கவில்லை. கரண்டியைக் கவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்தினா.

முற்றத்தில் இருந்தோம். குடாவுக்கு அப்பால் துறைமுக வெளிச்சம் ஒன்றிரண்டு தெரிந்தது. வீட்டு நாய் லொறியின் சாரதிப் பக்கக் கதவுக்குக் கீழே போய், வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு இருந்தது. ஒருவரும் அதைக் கூப்பிடவில்லை.

கதவைத் திறந்தபோது எல்லாம் வைத்தபடி இருந்தது. தேத்தண்ணி ஒரு துளி குறையவில்லை. சீனி அடியில் அப்படியே படுத்திருந்தது.

"என்ர தம்பி தொடேல்லயே," என்று பெரியக்கா தொடங்கினா.

மச்சாள் கிளாஸைத் தூக்கி விளக்கில் பிடித்துப் பார்த்தா. பிறகு என் முகத்தைப் பார்த்தா. "வழியில குடிச்சிட்டுத்தான் வந்திருக்கிறார்," என்றா.

அடுத்த நாள் காலை திரும்பினேன். நாய் லொறிக்குக் கீழேயே படுத்திருந்தது. மச்சாள் படலை மட்டும் வந்து, "இரவு நித்திரை வந்தது தம்பி," என்றா. கிண்ணியாவில் துவாயால் முகத்தை மூடி நித்திரை மாதிரிக் கிடந்தேன். யன்னல் தகரத்தில் யாரோ இரண்டு தரம் தட்டினார்கள். நான் துவாயை எடுக்கவில்லை.

திரியாய்க்கு வந்து இறங்க மத்தியானம். கட்டைபறிச்சானைப் போலத்தான் எங்கள் ஊரும். வயல், கடல், வெயில். இங்கே என்னை என் பேராலேயே தெரியும், அண்ணன் என்று ஒருவரும் மாறி நினைக்க மாட்டார்கள். அந்த நிம்மதியோடு சந்தியில் காலை வைத்தேன். எதிரே தேத்தண்ணிக் கடை. கடைக்கார மாமா பஸ்ஸைக் கண்டார், என்னைக் கண்டார். எப்பவும் போல ஒன்றும் கேட்காமல் கிளாஸை எடுத்தார், மற்றக் கை சீனி டின்னுக்குள் போனது. ஒரு கரண்டி. இரண்டு.

அந்த இரண்டு நாளும் பட்டதெல்லாம் பயமில்லை, இதுதான் பயம் என்று அப்போது தெரிந்தது.

"மாமா, சீனி வேண்டாம்."

"ஆருக்கு? உமக்கோ?" சிரித்தார். "வீட்டிலயிருந்து மனுசி வாறாவோ?"

"இல்லை. இனி ஒருநாளும் வேண்டாம்." கிட்டப் போய்க் கிளாஸைக் கையால் மூடினேன். "என்ர முகத்தோட ஆர் வந்து கேட்டாலும் குடுக்காதேங்கோ."